ஹைட்ராத் தீவுக்குப் பாய்ப்படகில்

கிரேக்க தேசத்தில் மாலுமி இல்லாமலே பாய்ப்படகை வாடகைக்குத் தருகிறார்கள். ஓட்டுபவருக்குத் தகுதிப் பத்திரம் வேண்டும். துணைக்குக் கடலனுபவம் உள்ள இன்னொருவரும் வேண்டும். அவ்விருவரும் நம் நண்பர்களாக வாய்த்தமையால், ஓர் ஆகஸ்டு மாதக் காலையில் போரோஸ் தீவினின்றும் புறப்பட்டோம். நண்பரின் பத்து வயதுப் புதல்வனும் உடன் வந்தான்.

கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு 'மெல்டெமி' என்று பெயர். நம் வாடைக்கு உறவுதான். ஆனால் மேகத்தைத் தூதனுப்பாமல் தெளிந்த வானத்திலேயே வலுத்துவிடும். ஸ்கிலி முனையைத் தாண்டியதும் அது நமக்குப் பின்புறமாயிற்று. பின்காற்று பொல்லாதது. காற்று 18 நாட் வேகத்தில் வீச, படகு 7 நாட் ஓடினால், மேனியில் படுவது 11 நாட் மட்டுமே. தென்றல் என்றே தோன்றும்.

நாமும் அவ்வாறே மயங்கினோம். சுக்கான் நம் கையில். கண்களோ தீவின் மீது. படகு சற்றே விலகிற்று. காற்று பாயின் மறுபுறம் புகுந்தது. பாயின் அடிக்கழி, மேல்தட்டில் நின்ற சிறுவனின் தலைமட்டத்தில் வீசக் கிளம்பி, 'படீர்' என்று நின்றது. நண்பர் முன்னதாகவே அக்கழியைக் கயிற்றால் முன்புறம் இழுத்துக் கட்டியிருந்தார்!

அவர் கடிந்துகொள்ளவில்லை. படகைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பி, பாயை ஒரு மடிப்புச் சுருக்கினார். "சுருக்கலாமா என்ற எண்ணம் வந்தவுடனேயே சுருக்கிவிட வேண்டும்" என்றார்.

ஹைட்ராவில் சொந்த மோட்டார்கள் கிடையா; கழுதைகளே சுமை தூக்குகின்றன. மறுநாள் திரும்புகையில் சுக்கானை மீண்டும் நம்மிடமே தந்தார். தீவுகளைப் பார்க்கும் வேலையைச் சிறுவனிடம் ஒப்படைத்துவிட்டு, நாம் காற்றையே பார்த்திருந்தோம்.