பகலில் லாரி, இரவில் யானை: திம்பம் மலைப்பாதை

காலை 6 மணியாகச் சில நிமிடங்கள் இருக்கும்போதே பண்ணாரி சோதனைச்சாவடி முன்பு லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. டீ குடித்து முடித்த டிரைவர்கள் டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். சிலர் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுகிறார்கள். தடுப்பு விலகியதும் முதல் லாரி உறுமிக்கொண்டு மலையேறத் தொடங்குகிறது.

கோவையிலிருந்து பெங்களூரு செல்ல முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, பவானி, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என நீளும் அகலச் சாலை. டோல்கேட்டில் பணம் கட்ட வேண்டும். ஆனால், ராப்பகலாக ஓட்டலாம். பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் மட்டும் பிரேக்கைவிட கியரைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

இன்னொன்று, சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 948. பெயரில்தான் இரண்டும் நெடுஞ்சாலை. இங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான லாரி ஒரு வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதுதான் முறை. நடுவில் ஒரு லாரி பழுதானால் பஸ், கார், பைக் எல்லாமே மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

இந்தச் சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. இரவில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் இறப்பது தொடர, விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. மாலை 6 முதல் காலை 6 வரை சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லை. அதன்பிறகு, 12 சக்கர லாரிகளுக்கும் 16.2 டன்னைத் தாண்டும் வண்டிகளுக்கும் பகலிலும் தடை விதிக்கப்பட்டது. அவை சேலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

மலைமேல் உள்ள தாளவாடி விவசாயிகளுக்கு இது எளிதான விஷயமில்லை. தக்காளியும் முட்டைகோஸும் சமவெளிச் சந்தைக்கு இறங்க இதுதான் வழி. பகலில் பறித்து, விடியற்காலைச் சந்தைக்கு இரவில் அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். அதனால்தான் தடை வந்தபோது போராடினார்கள். பிறகு உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு கிடைத்தது.

யானைகளுக்கும் லாரிகளைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஆசனூரைத் தாண்டி மாநில எல்லையில் இருக்கும் காரப்பள்ளம் சோதனைச்சாவடி அருகே கரும்பு லாரி வருகிறதா என்று குட்டியோடு காத்து நிற்கும். லாரிகளிலிருந்து சிந்திய கரும்பும், டிரைவர்கள் வீசிய கரும்பும் பழக்கிவிட்ட ருசி அது. அளவுக்கு மேல் உயரமாகக் கரும்பு அடுக்கி வருவதைத் தடுக்க அங்கே இரும்புத் தடுப்பே வைக்க வேண்டியதாயிற்று. காட்டுக்குள் போகிறவர்கள் செய்யக்கூடிய எளிய உதவி, வண்டியை நிறுத்தாமலும் எதையும் வீசாமலும் கடந்துபோவதுதான்.

மாலை 6 மணி. கடைசி லாரியும் பண்ணாரியில் இறங்கிவிட, தடுப்பு மூடப்படுகிறது. இனி விடியும்வரை பாதையின் பெரும்பகுதி நேரம் காட்டுக்குத்தான்.