கதிர்க்கொத்தும் கால் ஊனமான புறாவும்

எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறத் தோட்டத்தில், கொய்யா மரக்கிளையில் ஒரு மரத்தட்டு தொங்குகிறது. இப்பங்கிற்கு மாறுதலாகி வந்த புதிதில் நான் என் கையாலேயே கட்டியது. காலைத் திருப்பலி முடிந்ததும் அதில் நொய்யரிசியை அள்ளி வைப்பேன். சிட்டுக்குருவிகள் வந்து கொறிப்பதைக் கண்டபடியே காப்பி அருந்துவதில் எனக்கு அலாதி மகிழ்ச்சி.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கோயில் மணிக்கூண்டிலிருந்து மாடப்புறாக்கள் இறங்கின. பின்னாலேயே காகங்களும் வந்தன. சிட்டின் எடை முப்பது கிராமைத் தொடுவதே அரிது. புறாவோ அதைப்போல் பத்து மடங்கு. தட்டு சாய்ந்து, தானியம் சிதற, சிட்டுகள் வேலியோரம் ஒதுங்கி நின்றன. எளியோரின் பங்கை வலியோர் பறிக்கிறார்கள் என்று என் உள்ளம் கொதித்தது. கொதிப்பில் நீதியுணர்வு இருந்தது, நிதானம் இல்லை. தட்டைச் சுற்றி நைலான் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டேன்.

மறுநாள் திருப்பலி முடித்து வந்தபோது, ஒரு புறா அந்நூலில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. சமையல் செய்யும் அம்மா அதைத் துண்டால் போர்த்திப் பிடித்துக்கொள்ள, நான் நூலை வெட்டினேன். அது விரலுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. பறவை நொண்டியபடியே பறந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “சிட்டுக்குச் சோறு போட்டது சரிதான் சாமி. புறாவுக்கு எதுக்குத் தூக்குக்கயிறு போட்டீங்க?”

மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. அளவின்றி அரிசியைக் கொட்டி அழைத்தவன் நான். அழைப்பை ஏற்று வந்ததற்காகத் தண்டித்தவனும் நானே.

அன்றே நூலனைத்தையும் அறுத்தெறிந்தேன். தட்டைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூண்டு அமைத்து, வெட்டிய முனைகளை உள்மடித்தேன். சிட்டு நுழையும், புறாவும் காகமும் நுழையா. வெளியிலிருந்து அலகு எட்டாதபடி கூண்டுக்கும் தட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டேன். நொய்க்குப் பதிலாகத் தினை, அதுவும் காலையில் தீர்ந்துவிடும் அளவே. சிந்துவதைத் தாங்க அடியில் ஓர் அகன்ற தட்டம். மாலையில் மிச்சத்தை அகற்றிவிடுவோம். பறவைகள் நெருங்கி உண்ணுமிடத்தில் எச்சத்தால் நோய் பரவும் என்பதால், வாரம் ஒருமுறை தட்டைக் கழுவி வெயிலில் காயவைக்கிறோம்.

சமையல் அம்மா இன்னொன்றையும் செய்தார். அறுவடை முடிந்த வயலிலிருந்து நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டிக்கொணர்ந்து தாழ்வாரத்தில் தொங்கவிட்டார். நம் முன்னோர் வீடுகளில் கண்ட வழக்கம்தான். ஆடும் கதிரைப் பற்றிக்கொண்டு சிட்டு நெல்லை உரித்துத் தின்னும். கனத்த புறாவுக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை. யாரையும் விரட்டாமலே எளியவருக்கு இடம் ஒதுக்கும் அறிவு அந்தக் கதிர்க்கொத்தில் இருந்தது.

மணிக்கூண்டு எஞ்சியிருந்தது. திருவிழாவுக்கு வெள்ளையடிக்குமுன் புறாக்கள் தங்கும் விளிம்புகளைச் சாய்பலகையால் அடைத்துவிடலாம் என்றனர் பங்குப் பேரவையினர். ஏறிப் பார்த்தால் இரண்டு முட்டைகள். அவை பொரிய ஏறத்தாழ 18 நாட்கள். குஞ்சுகள் பறக்க மேலும் ஒரு மாதம். “திருவிழா காத்திருக்காதே சாமி” என்றார் ஒருவர். “பலகை காத்திருக்கும்” என்றேன். அவ்வாண்டு மணிக்கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை காணாமலே கொடியேறியது. சிலருக்கு வருத்தம்தான். குஞ்சுகள் பறந்தபின்னரே பலகை அடித்தோம்.

எளியோருக்காகப் பரிந்து பேசும்போது நமக்கு ஒரு துணிவு வருகிறது. அத்துணிவே மற்றோர் உயிரின் வலியை நம் கண்ணுக்கு மறைத்தும் விடுகிறது. மறையுரை மேடையில் பலமுறை நின்ற எனக்கு இதைக் கற்பிக்க ஒரு முழ நூல் தேவைப்பட்டது.

விரல் இழந்த அந்தப் புறா இன்றும் சில காலைகளில் வருகிறது. கூண்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நொண்டியபடி வயற்பக்கம் போய்விடுகிறது. அதன் நடையைக் காணும்போதெல்லாம் கையிலுள்ள காப்பி சற்றே ஆறிப்போகிறது.