அடுத்த லிங்கம் வரையில்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் எல்லோரும் புண்ணியத்தை நாடியே வருகிறார்கள் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். வைத்தியரின் உத்தரவுப்படி வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பௌர்ணமி நிலவில், செருப்பில்லாத கால்களின் சலசலப்புக்கு நடுவே, அரோகராவும் கேட்கிறது. இடுப்பளவைப் பற்றிய பேச்சும் கேட்கிறது!

மலையைச் சுற்றிய பாதை 14 கிலோமீட்டர். பழைய கணக்கில் 9 மைலுக்குச் சற்றுக் குறைவு. ராஜகோபுரத்தடியில் நின்று முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் நினைத்தால் திடசாலிக்கும் கால் கூசும். நம் பெரியோர்கள் இதை அறிந்தவர்கள். இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன் என்று திசைக்கொரு லிங்கமாக வழியை எட்டாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே யாரும் 14 கிலோமீட்டர் நடப்பதில்லை. அடுத்த லிங்கம் வரைதான் நடக்கிறார்கள்.

1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்ததும் இந்த முறையில்தான். அப்போது அவருக்கு வயது 60. சுமார் 240 மைலை 24 நாட்களில், கிராமம் கிராமமாகத் தங்கித் தங்கியே கடந்தார்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் சென்று, பெருஞ்சாலையை விட்டு வலப்புறம் திரும்பியதும் சந்தடி குறைகிறது. மலை மட்டும் நகராமல் நம்முடனேயே வருவதுபோல் தோன்றுகிறது. ஆனால் அடி அண்ணாமலைக் கிராமத்தில் நின்று ஏறிட்டுப் பார்த்தால், கிழக்கே கண்ட மலைதானா இது என்று ஐயம் உண்டாகும். உருவம் அவ்வளவு வேறு. மாறியது எந்த அடியிலே என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

உடன் வந்த நண்பருக்கு அந்த இடத்தில்தான் மனம் தளர்ந்தது. அவருடைய இரத்தச் சர்க்கரை நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறது. 86 கிலோவிலிருந்து நான்கு மாதத்தில் 4 கிலோ இளைத்தார். ஐந்தாம் மாதம் எடை யந்திரத்தின் முள் அசையவே இல்லை. "இனி நடந்து என்ன பிரயோஜனம், ஸார்?" என்றார்.

முள் நின்றுபோவதற்குக் காரணம் உண்டு. தேகம் இளைக்க இளைக்க அதன் அன்றாடச் செலவும் குறைகிறது. முன்போல் உண்டு முன்போல் நடந்தால் முன்போல் இளைப்பதில்லை. போதாததற்கு உப்பு மிகுந்த ஒரு விருந்து உடலில் நீரைத் தேக்கிவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ அல்லவா? அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு விதித்த இலக்குகள் இரண்டே: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடை போன்ற பயிற்சி. சுமார் மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே நோய் 58 சதவீதம் குறைவாகக் கண்டது. நண்பருக்கு 7 சதவீதம் என்பது 6 கிலோ. அதாவது, அடுத்த லிங்கம் இரண்டே கிலோ தூரத்தில் இருக்கிறது! இந்தக் கணக்கைக் கேட்டதும் அவர் நடையில் சிறிது வேகம் பிறந்தது.

கிரிவலத்தை மாத்திரம் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 80 கிலோ உள்ளவர் ஒரு சுற்றில் செலவிடுவது ஏறக்குறைய 800 கலோரி. ஒரு கிலோ கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. மாதம் ஒரு பௌர்ணமி போதாது. மற்ற நாட்களில் சொந்த ஊர்த் தெருவிலும் அரை மணி நேரம் நடக்கவேண்டும். அங்கேயும் கோயில், குளக்கரை, தபாலாபீஸ் என்று லிங்கங்களை நாமே ஏற்படுத்திக் கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வேளையில் எடை பார்த்தால் போதும். கூட நடக்க ஒருவர் இருப்பது உத்தமம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. எட்டுத் திசைக்கும் காவல் தெய்வம் உண்டு. வழியிலுள்ள பஜ்ஜிக் கடைகளிடமிருந்து மட்டும் நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.