மருந்துவாழ் மலை முதல் பேச்சிப்பாறை வரை... ஓர் இலை மாத்திரையாகும் கதை!

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பொற்றையடியை நெருங்கும்போது ஒரு மலையைப் பார்க்காமல் கடக்க முடியாது. தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே, தனியாகத் தூக்கி வைத்ததுபோல நிற்கும் அந்தப் பாறை மலைதான் மருந்துவாழ் மலை. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தெற்கு முனையில் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

பெயரிலேயே மருந்து இருக்கிறது. லட்சுமணனைக் காப்பாற்ற சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு அனுமன் இலங்கைக்குப் பறந்தபோது, அதிலிருந்து விழுந்த ஒரு துண்டு இது என்பது ஊர்க்கதை. இதே கதையை திண்டுக்கல் சிறுமலையிலும் சொல்வார்கள், இலங்கையில் காலி நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ருமஸ்ஸல குன்றிலும் சொல்வார்கள். மருந்துச் செடி நிறைந்த மலை எங்கே இருந்தாலும் அங்கே அனுமன் வந்து போயிருக்கிறார்!

இந்த மலை இருக்கும் வட்டத்தின் பெயர் அகஸ்தீஸ்வரம். சித்த மருத்துவத்தின் தலைவராகச் சொல்லப்படும் அகத்தியரின் பெயரைத் தாங்கிய ஊர். வைத்தியரை 'ஆசான்' என்று அழைக்கும் வழக்கமும், வர்ம வைத்தியமும் இன்றும் உயிரோடு இருக்கும் மாவட்டம் இது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவில் கோட்டாறில் இருப்பது தமிழகத்தின் ஒரே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி.

பிள்ளைத்தடம் குகை

மலையின் கீழ்ப்பகுதியில் படிகள் உண்டு. பிறகு பாறைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். வழியில் சிறு கோயில்கள், ஆசிரமங்கள், கையில் இருக்கும் பையைக் குறிவைக்கும் குரங்குகள். மேலே பிள்ளைத்தடம் என்ற குகை இருக்கிறது. கேரளத்தின் சமூக சீர்திருத்தவாதி ஸ்ரீ நாராயண குரு, 1888-ல் அருவிப்புரத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து நாடறியும் முன்பு தவமிருந்த இடம் என்பதால், மலையாளிகளும் நிறைய பேர் வருகிறார்கள்.

உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வயலும் குளமும். காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று சட்டையையும் பறக்கவைக்கும். ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால், ஏறாமலேயே, உட்கார்ந்த இடத்திலேயே இப்படி மூச்சிரைக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த மலை என்ன தந்திருக்கிறது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆடு தொடாத இலை

"மக்ளே, ரெண்டு ஆடாதோடை இலை பறிச்சிட்டு வா" என்று நாஞ்சில் நாட்டு வீடுகளில் பாட்டி சொன்னால், யாருக்கோ இருமல் என்று அர்த்தம். ஆடுகூடத் தொடாத கசப்பு என்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எல்லையைத் தாண்டினால் மலையாளத்தில் இது ஆடலோடகம். வேலி ஓரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும் சாதாரணச் செடி. இதே குடும்பத்தில் சின்ன இலையுள்ள இன்னொரு வகையை 'சிற்றாடலோடகம்' என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் இந்தப் பகுதி வைத்தியர்கள்.

இந்தச் செடியின் ஆராய்ச்சிக் கதை தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஊட்டியில், கொய்னா மருந்து தரும் சின்கோனா மரங்களை ஆராய சென்னை மாகாண அரசு நியமித்திருந்த வேதியியலாளர் டேவிட் ஹூப்பர். அவர்தான் 1888-ல் ஆடாதோடை இலையிலிருந்து 'வாசிசின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். நாராயண குரு பிரதிஷ்டை செய்த அதே ஆண்டு. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து 'தியோஃபிலின்' என்ற பொருளைப் பிரித்ததும் அதே 1888-ல்தான். அது பின்னாளில் ஆஸ்துமா மாத்திரையானது.

வாசிசின் அப்படியே மாத்திரையாகிவிடவில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1960-களில், அதன் அமைப்பை மாதிரியாக வைத்து ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் 'புரோம்ஹெக்சின்' என்ற மருந்தை உருவாக்கியது. கெட்டியான சளியை இளக்கி வெளியே தள்ள உதவும் மருந்து. அது உடலுக்குள் போனதும் மாறி உருவாகும் பொருளே பிறகு 'அம்ப்ராக்சால்' என்ற தனி மருந்தானது. இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் இருமல் சிரப் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டி பறிக்கச் சொன்ன இலையின் பேரப்பிள்ளைகள் அவை.

தூதுவளையும் 300 மில்லிகிராமும்

ஆடாதோடைக்கு அடுத்து இங்குள்ள சமையலறைகளில் செல்வாக்குள்ளது தூதுவளை. துவையல், ரசம், சட்னி என்று சளிக்காலத்தில் தவறாமல் தட்டுக்கு வரும். இதையும் கண்டங்கத்திரியையும் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 1999-ல் வெளியானது. எஸ்.கோவிந்தன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 300 மில்லிகிராம் பொடியை ஒருமுறை கொடுத்து, நோயாளிகள் மூச்சை ஊதும் வேகத்தைக் கருவியில் அளந்தார்கள். மூச்சுவிடுவது ஓரளவு எளிதானது. இருமலும் இளைப்பும் குறைந்தன. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த சால்பூட்டமால் மாத்திரை அளவுக்கு அதன் பலன் இல்லை.

இந்த ஆய்வு சொல்வது இரண்டு விஷயம். தூதுவளையில் சங்கதி இருக்கிறது. பாட்டி சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை. அதே நேரம், மூச்சுத் திணறும் நேரத்தில் அது இன்ஹேலருக்கு மாற்றும் இல்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள ஆஸ்துமாவைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அது சளி நோய் மட்டுமல்ல, அழற்சி நோய். தூசியோ, புகையோ, குளிர்காற்றோ பட்டதும் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி சேர்ந்து இருக்கும் சிறு வழியையும் அடைக்கிறது. சளியை இளக்கும் மருந்து மூன்றில் ஒன்றைத்தான் சரிசெய்யும். வீக்கத்தை அடக்க டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை, 'நல்லாத்தானே இருக்கு' என்று பாதியில் நிறுத்திவிட்டு இலையை மட்டும் நம்பினால், அடுத்த முறை வரும் திணறல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீக்கத்தை அடக்கும் மூலிகைகளையும் ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. நிலவேம்பில் உள்ள 'ஆண்ட்ரோகிராபோலைடு' என்ற கசப்புப் பொருள், அழற்சியைத் தூண்டும் விசை ஒன்றை செல்லுக்குள் தடுக்கிறது என்பது ஆய்வகங்களில் தெரியவந்திருக்கிறது. ஆனால், ஆய்வகத் தட்டில் வேலை செய்வது, எலியில் வேலை செய்வது, மனிதரில் வேலை செய்வது என்று மூன்று படிகள் உண்டு. முதல் படியைத் தாண்டிய மூலிகைகளில் பெரும்பாலானவை மூன்றாவது படியை எட்டுவதில்லை.

எந்தச் செடி, எவ்வளவு?

2020-ல் கொரோனா வந்தபோது தமிழகம் முழுக்க கபசுரக் குடிநீர் விநியோகிக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். அதில் சேரும் 15 சரக்குகளில் ஆடாதோடையும் நிலவேம்பும் சீந்திலும் உண்டு. அந்தச் சமயத்தில் சீந்திலைத் தனியாகவே தினமும் குடித்தவர்களும் இருந்தார்கள். அப்படிக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் குடித்தது நிஜமான சீந்தில்தானா, அதேபோன்ற வேறு கொடியா என்பதைச் சரிபார்க்கவில்லை என்றது.

யார் சொன்னது சரியாக இருந்தாலும், பொதுவான பாடம் ஒன்றுதான். செடியைச் சரியாக அடையாளம் காண்பதே மருத்துவத்தின் முதல் படி. மருந்துவாழ் மலைக்கு வருகிறவர்களில் சிலர் யூடியூப் வீடியோவைப் பார்த்துக்கொண்டே இலையை ஒப்பிடுவதுண்டு. அது ஆபத்தான பழக்கம். மழைக்குப் பிறகு பறித்த இலையும் கோடையில் பறித்த இலையும்கூட ஒன்றல்ல. உள்ளிருக்கும் சத்தின் அளவு மாறும். மாத்திரையில் 8 மில்லிகிராம் என்றால் எப்போதும் 8 மில்லிகிராம். ஒரு கைப்பிடி இலையில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் வீட்டில் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். ஆடாதோடையின் வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்பது ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அதனால் கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. 'இலைதானே, என்ன செய்துவிடும்?' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பேச்சிப்பாறைக்கு மேலே

பொற்றையடியிலிருந்து திரும்பி, நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் வழியாகப் போனால் ரப்பர் தோட்டங்களின் நிழலில் சாலை ஏறத் தொடங்கும். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பைத் தாண்டி, மலைக்குள் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, ஒரே மலையில் வாழ்ந்த காணிகள் இரண்டு மாநிலத்தவர் ஆனார்கள்.

இந்தக் கோடு பின்னாளில் ஒரு மூலிகை விஷயத்தில் பெரிதாகத் தெரிந்தது. 1987-ல் அகத்தியமலையில், கேரளப் பக்கத்தில், டாக்டர் பி.புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு காட்டுக்குள் நடந்தது. ஏற முடியாமல் அவர்கள் களைத்துப்போனபோது, வழிகாட்டியாக வந்த காணிகள் மட்டும் ஒரு செடியின் சிறு காய்களைத் தின்றபடி சுறுசுறுப்பாக நடந்தார்கள். கேட்டதும் முதலில் சொல்லவில்லை. அது வெளியாளுக்குச் சொல்லாத ரகசியம். பிறகு காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் அதன் தயாரிப்பு உரிமை கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவிகிதத்துக்கும் கொடுக்கப்பட்டது. வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரியாக உலகமே இதைப் பேசியது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-ல்தான். அதற்கு முன்பே இது நடந்துவிட்டது.

ஆனால், நடைமுறையில் சிக்கல்கள் வந்தன. அளவுக்கு மீறிப் பறித்தால் செடியே அழிந்துவிடும் என்று வனத்துறை கவலைப்பட்டது. இலை வரத்து தடைப்பட்டது. பணத்தைப் பிரிக்க 1997-ல் அமைந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. அதே காட்டை, அதே செடியை அறிந்த பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிகள் அதில் இல்லை.

ஆடாதோடைக்கு அந்தப் பேச்சே எழவில்லை. எத்தனை தலைமுறைப் பாட்டிகளின் அறிவு புரோம்ஹெக்சினுக்குள் இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நாளை இந்த மலைகளிலிருந்து மூச்சுநோய்க்கு இன்னொரு மருந்து வருமானால், செடியைக் காட்டியவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். அதற்குச் செடியும் மிச்சமிருக்க வேண்டும், அதை அடையாளம் சொல்லத் தெரிந்த ஆளும் மிச்சமிருக்க வேண்டும்.

மருந்துவாழ் மலையில் ஏறுகிறவர்கள் ஒன்றைச் செய்யலாம். செடியைப் பிடுங்காமல், பார்த்துவிட்டு இறங்கலாம். வீட்டுக்கு வந்ததும் பாட்டியோ, தாத்தாவோ இருந்தால், எந்த இலையை எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

* நாகர்கோவில் - கன்னியாகுமரி சாலையில் பொற்றையடியில் இறங்க வேண்டும். இரு ஊர்களிலிருந்தும் அடிக்கடி பஸ் உண்டு.
* காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. வெயில் ஏறினால் பாறை சுடும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக்கை மலையில் விட்டுவராதீர்கள்.
* ஆஸ்துமா, இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இன்ஹேலர் பையில் இருக்கட்டும்.
* பேச்சிப்பாறை அணைக்கு குலசேகரம் வழியாகச் செல்லலாம். காணிக் குடியிருப்புகள் சுற்றுலாத் தலமல்ல. வனத்துறை அனுமதியும் அங்குள்ளவர்களின் சம்மதமும் இல்லாமல் போக வேண்டாம்.