சாவி யாரிடம்?

எங்கள் வீட்டில் நாலு பேர், ஏழு திரைகள். டி.வி., நாலு செல்போன், பையனின் லேப்டாப், அப்பாவின் டேப்லெட். எல்லாம் ஒரே வை-ஃபையில் கூட்டுக் குடித்தனம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய சினிமாவை எந்தத் திரையில் பார்க்கலாம் என்று முடிவு செய்வது எங்கேயோ இருக்கும் ஒரு சர்வர்!

படம் பூட்டித்தான் வருகிறது. ப்ளே அமுக்கினதும் டி.வி. சர்வரிடம் சாவி கேட்கும். கணக்கு சரியா, ஏற்கெனவே எத்தனை திரையில் ஓடுகிறது என்று குடைந்த பிறகே சாவி வரும். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

''துட்டு குடுத்தாச்சு இல்லே? அப்புறம் எதுக்குடா அவன்கிட்டே பர்மிஷன்?'' என்கிறாள் அம்மா. அவள் காலத்து கேசட், தெருக்கோடி வரை இரவல் போய், நாடா சிக்கி, பென்சிலால் சுற்றப்பட்டாவது வீடு திரும்பும்.

2009 ஜூலையில் அமேசான், தான் விற்ற ஆர்வெல்லின் '1984' நாவலை வாசகர்களின் கிண்டிலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. (வேறு புத்தகமா கிடைக்கவில்லை!) பதிப்பித்தவருக்கு உரிமை இல்லையாம். பணம் திரும்பியது, பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கினவர்களின் அலமாரியும் காலி. அங்கேயும் பணம் வாபஸ்.

சினிமா போனால் போகட்டும். அப்பா போன வருஷம் காலமானார். காகிதப் புத்தகங்களை நானும் தங்கையும் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம். கண் மங்கியபின் எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்க அவர் வாங்கிய அறுபது சொச்சம் மின்புத்தகங்கள் டேப்லெட்டில். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. ஓரத்தில் 'அபத்தம்', 'சபாஷ்'. கணக்கை என் பேருக்கு மாற்றக் கேட்டேன். கம்பெனி ரொம்ப மரியாதையாக எழுதியது: விற்றது புத்தகம் இல்லை, படிக்க அனுமதி. அது அவருக்கு மட்டும்.

''பூட்டை உடைச்சிரட்டுமாப்பா?'' என்றான் பையன். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு உண்டு: உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் தனி. அப்பாவின் 'சபாஷ்' படிப்பது மீறலா என்று வக்கீல் நண்பரைக் கேட்டேன். ''ஃபீஸ் எவ்வளவு தருவே?'' என்றார்.

இப்போதைக்கு டேப்லெட்டை யாரும் லாக்-அவுட் செய்யக்கூடாது என்று வீட்டில் 144. சார்ஜ் பத்து சதவிகிதத்துக்கு இறங்கினால், அம்மாவே எழுந்து போய் ஒயரைத் தேடுகிறாள்.