அளவு ஓர் அமானிதம்

 

பதிவு கொஞ்சம் நீளம். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசிவரை வாசியுங்கள். பிள்ளையின் பெயரை எழுதவில்லை. யாரும் உள்பெட்டியில் வந்து கேட்கவும் வேண்டாம்.

எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் ராத்தாவும் தங்கச்சியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கீரிமலைப் பக்கமுள்ள ஒரு பாடசாலைக்குப் போய் வருகிறோம். மூத்தவர் படிப்பிப்பது கணிதம், இளையவர் சுகாதாரமும் உடற்கல்வியும்.

போன தவணையில் ஒரு பிள்ளை காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டுபோய் ஓய்வறையில் கிடத்தி, சீனி போட்டுப் பிளேன்ரீ கொடுத்தோம். "காலமை சாப்பிட்டனியா?" என்று கேட்டால் தலையைக் குனிகிறாள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் சொன்னாள், மூன்று கிழமையாக மத்தியானச் சாப்பாடும் மதிலுக்கு அங்கால நிற்கிற நாய்க்குத்தான் போகிறதாம்.

கொப்பியைப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் நான்கு எண்கள். தோள், மார்பு, இடை, இடுப்பு. நான்கையும் தன் கையாலேயே அளந்து, தொலைபேசியில் பார்த்த படத்தோடு ஒப்பிட்டு, கீழே 'செவ்வகம்' என்று எழுதி இரண்டு கோடு கீறியிருந்தாள். பக்கத்தில் ஒரு மணற்கடிகாரப் படம். அதுதான் அவள் ஆகவேண்டிய வடிவமாம். அந்த எண்களை இங்கே எழுதமாட்டோம். அவை அவளுடையவை.

"ஏன் பிள்ளை இப்பிடி?" என்று கேட்டோம்.

"நீங்கள்தானே ரீச்சர் அண்டைக்கு நிறையை வாசிச்சனீங்கள். பெடியள் சிரிச்சவங்கள்."

உண்மைதான். உடற்திணிவுச் சுட்டிப் பாடம் நடந்த நாளில் தராசை வகுப்புக்கு முன்னால் வைத்து, ஒவ்வொருவராக ஏற்றி, ஒருவர் நிறையை வாசிக்க மற்றவர் எழுதினோம். சத்தமாக. நேரம் மிச்சம் என்று நினைத்துச் செய்த வேலை. அந்தப் பிள்ளை அன்றைக்கே சாப்பாட்டை விட்டிருக்கிறாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருக்கும் வாப்பாவின் நினைவுதான்.

எங்கள் வாப்பா தையல்காரர். பட்டினத்தில் சின்னக் கடை. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை நாங்கள் கண்டதில்லை. அளந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லமாட்டார். குனிந்து அளப்பார், நிமிர்ந்து கொப்பியில் எழுதுவார், மூடிவிடுவார். பெண்களின் உடுப்புக்கு அளவே எடுப்பதில்லை. வீட்டிலிருந்து அளவுச் சட்டை ஒன்று பையில் வரும், அதை வைத்துத் தைப்பார். ஒருநாள் கடையில் நின்ற ஒரு பெடியன், கொப்பியைப் பார்த்து ஒரு வாடிக்கையாளரின் வயிற்றளவைச் சொல்லிச் சிரித்துவிட்டான். வாப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மனுசன்ட அளவு எங்களிட்டத் தந்த அமானிதம். அதை வாயால எடுக்கக் கூடாது."

1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எங்களுக்கு வயது ஒன்பதும் ஆறும். நகை, காசு, தையல் மெசின் எல்லாம் இங்கேயே போயின. வாப்பாவின் கழுத்தில் கிடந்த நாடா மட்டும் எங்களோடு புத்தளத்துக்கு வந்தது. அதே வருடம்தான் கீரிமலைச் சனமும் தங்கள் ஊரைவிட்டு எழும்பியது. அதனாலோ என்னவோ, இங்கே எங்களை யாரும் வெளியாட்களாகப் பார்ப்பதில்லை.

அந்த நாடா இப்போதும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அன்று இரவு அதை எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, நாங்கள் ஒருவரையொருவர் அளந்தோம். நாற்பது வயதுக்குப் பிறகு முதல் தடவை. தொளதொளத்த அபாயாவுக்குள் உடம்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் போயிருந்தது.

முதலில் பிழையாகத்தான் அளந்தோம். உடுப்புக்கு மேலால், வயிற்றை எக்கிக்கொண்டு. பிறகு பாடத்தில் உள்ளபடி செய்தோம். கால்களைச் சேர்த்து நேராக நிற்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது வாசிக்க வேண்டும். நாடா தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும், தசையை அமுக்கக் கூடாது. இடுப்புக்கு, பின்பக்கம் ஆக அகலமான இடம். இன்னொன்று, பழைய துணி நாடா இழுபட்டிருக்கும், உண்மையான அளவைவிடக் குறைத்துத்தான் காட்டும். மீற்றர்கோலில் வைத்துச் சரிபார்த்தபின் பாவியுங்கள்.

ராத்தாவின் சம்மதத்தோடு எழுதுகிறோம். இடை 94 சென்ரிமீற்றர், இடுப்பு 104. வகுத்தால் 0.90. உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்குச் சொல்லும் எல்லை 0.85. எங்கள் தெற்காசியப் பெண்களுக்கு இடை 80ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், ஆண்களுக்கு 90. 1947இல் மார்செய் நகர வைத்தியர் ஜான் வாக் என்பவர், மொத்தக் கொழுப்பைவிட அது உடம்பில் எங்கே சேர்கிறது என்பதுதான் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிவிடுகிறது என்று எழுதினார். அப்பிள் வடிவம், பேரிக்காய் வடிவம் என்று இன்று பேசுவதற்கெல்லாம் வேர் அங்கேதான். தொடையில் இருக்கும் கொழுப்பைவிட வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றி இருப்பதே ஆபத்து.

எங்கள் உம்மா சீனி வருத்தத்தால்தான் போனார். முதலில் ஒரு கால்விரல், பிறகு பாதம், பிறகு சிறுநீரகம். அவரை யாரும் ஒருநாளும் அளந்ததில்லை.

அடுத்த கிழமை ராத்தாவை ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அரசாங்கத்தின் இந்த நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிசோதனை இலவசம். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 118. நீரிழிவுக்கு எல்லை 126, சாதாரணம் 100க்குக் கீழே. இடையில் நிற்கிறார். நடந்தால், சோற்றைக் குறைத்தால் திரும்பலாம் என்றார்கள். அந்தப் பிள்ளையின் கொப்பி இல்லாவிட்டால் இதை நாங்கள் எப்போது அறிந்திருப்போம்?

இனி அந்தப் பிள்ளையிடம் வருவோம். தாயாரையும் கூப்பிட்டு, ஒரு சனிக்கிழமை கேணிப் பக்கம் போய் இருந்தோம். கடல் ஒரு பக்கம் உப்பு, மதிலுக்கு இந்தப் பக்கம் நன்னீர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கீரிமுகத்தோடு வந்த நகுலமுனிவரும் குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இந்தத் தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார்கள் என்பது அவர்களின் ஐதீகம்.

"நானும் எத்தினை தரம் குளிச்சிட்டன் ரீச்சர், எனக்கு மட்டும் இடுப்பு வரேல்லை" என்றாள். தாயார் சிரித்துவிட்டார். நாங்களும்தான். அன்றைக்குத்தான் அவள் சிரித்ததையும் பார்த்தோம்.

பிறகு கணக்கைச் சொன்னோம். செவ்வகம், மணற்கடிகாரம், பேரிக்காய் என்பதெல்லாம் உடுப்பு வெட்டுகிறவர்களுக்கு உதவும் பெயர்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 6000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் அளவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். செவ்வக வடிவம் 46 சதவீதம். மணற்கடிகாரம் வெறும் 8 சதவீதம். ஆனால் கடைகளுக்கு வரும் உடுப்பு அந்த எட்டுப் பேரை மனதில் வைத்துத்தான் தைக்கப்படுகிறது என்றும் சொன்னார்கள். அதற்கும் முன்னால், 1939-40இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 15,000 பெண்களை ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் வீதம் அளந்து ஆயத்த உடுப்புக்கு எண் போடப் பார்த்தது. கணக்கில் எடுத்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். இந்தியாவிலும் தங்கள் சனத்துக்கென்று அளவுப் பட்டியல் வேண்டும் என்று 25,000 பேரை அளக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். உடுப்பு பிடிக்கவில்லையென்றால் பிழை உடுப்பில், உடம்பில் இல்லை. வாப்பா ஒருநாளும் ஆளை வெட்டித் துணிக்குள் வைத்ததில்லை.

"தோளெலும்பும் இடுப்பெலும்பும் பட்டினி கிடந்தா மாறுமே பிள்ளை?" என்று ராத்தா கேட்டார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "இல்லை" என்றாள். "அப்ப என்ன குறையும்?" அதற்கு அவளிடம் பதில் இல்லை. தாயார்தான் சொன்னார், "உன்ர படிப்பு."

அவள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டு கிழமை ஓய்வறையில் எங்களோடு இருந்து சாப்பிட்டாள். முதலில் பாதி, பிறகு முழுவதும். குடும்பநல உத்தியோகத்தரிடமும் காட்டினோம். இரத்தம் குறைவு என்று குளிசை கொடுத்திருக்கிறார்கள்.

நாங்களும் மாறவேண்டியிருந்தது. அந்த வகுப்புக்குப் போய், நிறையைச் சத்தமாக வாசித்தது எங்கள் பிழை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னோம். பெடியளும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தப் பாடத்துக்குத் தராசு வருவதில்லை. ஒரு நூல் பந்து வரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் உயரத்துக்கு நூலை வெட்ட வேண்டும். அதை இரண்டாக மடிக்க வேண்டும். மடித்த நூல் இடையைச் சுற்றி வந்து முட்டினால் போதும். இடை உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பிரித்தானியாவிலும் 2022இலிருந்து இதையே சொல்கிறார்கள். திரைக்குப் பின்னால் தனியாகப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். எண் இல்லை, பட்டியல் இல்லை, வாசிக்க எதுவும் இல்லை.

ஆனால் மெலிவை நூல் காட்டாது. வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் உடற்திணிவுச் சுட்டி எல்லையும் பொருந்தாது. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபைத்தான் பார்க்க வேண்டும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும்போது அன்றைக்கு மறிக்காமல் அனுப்புங்கள். முடிவைப் பிள்ளைக்கு முன்னால் அயலட்டைக்குச் சொல்லாதீர்கள். 'குண்டு', 'ஈர்க்கில்' என்று செல்லமாகக் கூப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். பிள்ளை அதைச் செல்லமாக எடுப்பதில்லை.

பெரியவர்களுக்கும் ஒன்று. இன்று இரவு கதவைப் பூட்டிக்கொண்டு ஒருதரம் அளந்து பாருங்கள். நூல் முட்டாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுங்கள்.

ராத்தா இப்போது பஸ்ஸுக்கு இரண்டு தரிப்பிடம் முன்னால் இறங்கி நடக்கிறார். போன மாதம் அளந்தோம், 91. அடுத்த இரத்தப் பரிசோதனை நோன்பு முடிய. துஆச் செய்யுங்கள்.