டோட் ஒழுங்கைக் கடை

“சங்கக்கடையைத் தொடங்கினது அரசாங்கந்தானே, சேர்?” என்று சென்ற தவணை மாணவன் ஒருவன் கேட்டான். ஆம் என்று கூறிவிட்டு நாம் பாடத்தைத் தொடர்ந்தோம். தொண்ணூறுகளில் நிவாரண அட்டையும் உரப்பையுமாய்ச் சங்கக்கடை வாசலில் நின்ற தலைமுறை எமது. மனேச்சரின் முகக்குறிப்புக்கு அஞ்சி நின்ற எமக்கு அது வேறெதுவாகத் தோன்றியிருக்கும்? ஆயினும் அன்றிரவு அவ்விடை எம்மை உறுத்திற்று.

இங்கிலாந்தில், மஞ்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள பழைய சந்தைப் பட்டினமாகிய றொச்டேலில், டோட் ஒழுங்கையின் 31ஆம் இலக்கக் கட்டடம் சட்டப் பாதுகாப்புடன் நிற்கின்றது. கோமான்களின் மாளிகைகளைக் காக்கும் அதே சட்டம் இச்சாதாரணப் பண்டகசாலையையும் காக்கின்றது. 1844 டிசெம்பர் 21ஆம் நாளிரவு, 28 பவுண் மூலதனத்துடன், அதன் கீழ்த்தளத்திலே தொழிலாளர் சிலர் கடை திறந்தனர். அவர்களுட் பலர் நெசவாளர். வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி – இவையே சரக்கு. ஆலைப் பட்டினங்களிலே கலப்பட மாவை விற்றுக் கடனேட்டினால் தொழிலாளியைக் கட்டிவைத்த கடைகளுக்கு எதிராக எழுந்த கடை அது. கலப்படமற்ற பொருள், சரியான நிறை, ஆளுக்கொரு வாக்கு, கொள்வனவுக்கேற்ற இலாபப் பங்கு என்பன அதன் விதிகள். ரொக்கத்துக்கே விற்றனர் என்பதையும் மறைத்தலாகாது. கடனிலேயே உயிர்வாழ்ந்த பரம ஏழைக்கு அக்கதவு எளிதிற் திறந்திராது.

வியாபாரம் பெருகவே 1867இல் அவர்கள் பெரிய கட்டடத்துக்குச் சென்றனர். பழைய கடையைப் பின்னர் கூட்டுறவு இயக்கம் மீட்டு, 1931இல் நூதனசாலையாக்கியது.

எம் நாட்டிலோ கூட்டுறவுக்கெனச் சட்டம் வந்தது. 1911இல் குடியேற்ற ஆட்சி இயற்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீடு சங்கக்கடைகளைப் பெருக்கிற்று. பலநோக்குச் சங்கங்களை 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தன உருவாக்கினார். சனங்கள் தாமே கட்டியெழுப்பிய சங்கங்களும் இங்கு உண்டு. மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையை மறக்கவியலுமா? எனவே மாணவன் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை விழுங்கியவர் நாமே.

மறுநாள் வகுப்பிலே அவ்விடையைத் திருத்தினோம். றொச்டேற் கதை முழுவதையும் கேட்டிருந்த அம்மாணவன், “அப்ப அங்க ஆர் மனேச்சர், சேர்?” என்றான். அவர்களுள் ஒருவரே காசாளர், இன்னொருவரே விற்பனையாளர் என்றோம். அவன் நம்பவில்லை.